எரேமியா 29:11 அட்டையில் வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு எதுவரைக்கும் காத்திருப்பது?

கனிமலர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள்தான். இன்று கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை, அதாவது தேவனின் வாக்காக ஒரு வேத வசனம் எழுதின அட்டை எடுப்போம். இந்த வருஷம் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற அத்தை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "இந்த வருஷம் உனக்குத்தான்டி" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதற்கு முன்னால் ஒரு வருஷம் "மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி" என்ற சங்கீத வசனம் வந்தது. அந்த வருஷமும் மற்ற வருஷங்களைப் போலவே போயிற்று.

ஆபிரகாம், சாராள், அன்னாள், எலிசபெத் கதைகளை எனக்குச் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் கடைசியில் பிள்ளை பிறந்தது. அதனால்தான் அந்தக் கதைகளே இப்போது வலிக்கின்றன. நான் தேவனை விட்டுப் போகவில்லை, போகவும் மாட்டேன். ஆனால் இந்த வசனத்தை எனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டு அது நடக்காவிட்டால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? "விசுவாசம் குறைவு" என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம், அதை நிறையக் கேட்டாயிற்று.


ஜெபவீரன் எழுதியது:

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். சோர்ந்துபோகாதீர்கள். ஆபிரகாம் வேண்டாம் என்றதால் ஈசாக்கைச் சொல்கிறேன். ரெபெக்காளைக் கல்யாணம் செய்தபோது அவனுக்கு 40 வயது. பிள்ளைகள் பிறந்தபோது 60. "மலடியாயிருந்த தன் மனைவிக்காக ஈசாக்கு கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தான்" என்று ஆதியாகமம் 25இல் ஒரே வரிதான் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் 20 வருஷம் அடங்கியிருக்கிறது. பிரசங்கங்களில் யாரும் அந்த 20 வருஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அட்டை தற்செயலாக வந்ததென்று நான் நினைக்கவில்லை. தேவன் அதன் மூலமாகவும் பேசுவார். கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைத்து, தினமும் சத்தமாகச் சொல்லி ஜெபியுங்கள். நானும் என் மனைவியும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம்.


பழைய ஏற்பாட்டு வாசகன் எழுதியது:

சகோதரி, உங்கள் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 29:11ஐ அட்டையில் இருந்து எடுத்து, அது எழுதப்பட்ட இடத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமில் இருந்து யெகொனியா ராஜாவையும், அவனோடு பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். பின்னால் எருசலேமில் இருந்துகொண்டு எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதினதுதான் 29ஆம் அதிகாரம். முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். அதில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில், ஆசாரியரும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் அனனியா சொன்னது பொய். அந்த வருஷமே செத்துப்போனான்.

எரேமியாவின் கடிதத்திலோ 70 வருஷம் என்று இருக்கிறது. 11ஆம் வசனத்துக்கு நேர் முந்தின வசனம் அது. அட்டையில் அது இருக்காது. பெர்சிய ராஜா கோரேஸ் திரும்பிப் போகக் கட்டளை கொடுத்தது கி.மு. 538இல். கடிதம் வாசிக்கப்பட்டபோது 30 வயதில் இருந்த ஒருவர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க அநேகமாக வாய்ப்பில்லை. ஆகவே "உங்களுக்கு" என்று அந்தக் கடிதம் சொன்னது, கேட்டுக்கொண்டிருந்த பலரும் கண்ணால் பார்க்கப் போகாத ஒன்றைப் பற்றி.

அதற்காக அது அவர்களுக்கு ஒன்றும் இல்லாத கடிதம் ஆகிவிடவில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று அவர்களுக்குச் செய்ய வேலை கொடுக்கிறது. அதுவும் எந்தப் பட்டணம்? பாபிலோன்! தங்களைச் சிறைபிடித்த ஊருக்காக ஜெபிக்கச் சொல்கிறது. காத்திருக்கிற காலத்தையும் வாழச் சொல்கிறார். இந்த வசனத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் சகோதரி. ஆனால் கடிதம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத் தவணை அதில் கிடையாது. தவணை போட்டவன் அனனியா.


கனிமலர் எழுதியது:

ஐயா, பொறுமையாக எழுதினதற்கு நன்றி. அனனியாவை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனால் வீடும் தோட்டமும் சொன்ன நீங்கள் 6ஆம் வசனத்தை விட்டுவிட்டீர்கள். அதே கடிதத்தில்தான் "குமாரரையும் குமாரத்திகளையும் பெறுங்கள்" என்றும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்றும், குறுகிப்போகாமல் பெருகுங்கள் என்றும் இருக்கிறது. நீங்கள் எழுதினதைப் பார்த்துவிட்டு அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். அங்கே வந்ததும் வேதாகமத்தை மூடிவிட்டேன்.


பழைய ஏற்பாட்டு வாசகன் எழுதியது:

நீங்கள் கேட்டது சரி. வேண்டுமென்றுதான் அந்த வசனத்தைச் சொல்லாமல் போனேன், உங்களுக்கு வலிக்கும் என்று நினைத்து. நீங்களே எடுத்துவிட்டதால் சொல்கிறேன்.

அந்த வரியை எழுதின கை யாருடையது என்று பாருங்கள். எரேமியா 16:2இல் கர்த்தர் அவரிடம், நீ பெண்ணை விவாகம்பண்ணவேண்டாம், இந்த இடத்தில் உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் இருக்கவும் வேண்டாம் என்கிறார். எரேமியா தனி ஆள். பிள்ளைகள் பெற்றுப் பெருகுங்கள் என்று மற்றவர்களுக்கு எழுதினவர் வீட்டில் தொட்டில் ஆடவே இல்லை. அந்தத் தனிமையை அவர் மறைக்கவும் இல்லை. என் நோவு நித்தியகாலமாக இருப்பானேன் என்று 15ஆம் அதிகாரத்தில் கர்த்தரிடமே கேட்கிறார். 20ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். இதெல்லாம் வேதத்தில்தான் இருக்கிறது, யாரும் வெட்டி எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 32ஆம் அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனின் உடன்பிறந்தவர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத்து எருசலேமுக்குப் பக்கத்து ஊர். சுற்றுவட்டாரமே எதிரி கையில் போய்க்கொண்டிருக்கும்போது யார் நிலம் வாங்குவார்கள்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாசனம் எழுதி, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று தன் எழுத்தரான பாரூக்கிடம் கொடுத்து, அவை அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நாம் செய்கிற அத்தனையும் நடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு அவரே ஜெபத்தில், பட்டணம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறதே, நீர் நிலத்தை வாங்கு என்று சொன்னீரே என்று கேட்கிறார். அவருக்கே புரியவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டார்.

அந்த நிலத்தில் அவர் ஒருநாளாவது உழுததாக எங்கும் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால், 29:11ஐ விட இந்த நிலப்பத்திரத்தைத்தான் காட்டுவேன்.


பரங்கிமலைப் பையன் எழுதியது:

இதையெல்லாம் வாசிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, அதையும் இங்கே சொல்லவேண்டும். அப்பாவுக்குக் கேன்சர். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் தலையில் கை வைத்து, "நீ சாவாமல் பிழைத்திருந்து கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பாய்" என்று சங்கீதம் 118ஐச் சொன்னார். இது வாக்குத்தத்தம், பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அதை உயிரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அந்த வருஷமே இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா அந்தச் சங்கீதப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

தேவன் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. தேவன் சொல்லாததை அவர் சொன்னதாக எங்கள் அம்மாவுக்குச் சொன்னார்கள். வாக்குத்தத்தம் என்று நாம் பேசும்போது எதைப் பேசுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டாமா?


ஜெபவீரன் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு நடந்தது அநியாயம்.

தேவன் பேசுவார் என்பதில் என் எண்ணம் மாறவில்லை. சுகமாக்கும்படி ஜெபிக்கிறோம், சுகமானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா விசுவாசிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்பட்டவை என்று பார்த்தால் வேறு பட்டியல்தான் வருகிறது. நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்பது. பாவ மன்னிப்பு. ஆவியானவர். கிறிஸ்துவின் வருகை, மரித்தோர் உயிர்த்தெழுதல். ரோமர் 8இல் பவுல் காத்திருப்பதைப் பற்றி எழுதுவதும் சரீர மீட்பைப் பற்றித்தான். ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாங்களும் எங்களுக்குள்ளே தவிக்கிறோம் என்று அவரே சொல்கிறார். தவிப்பவனை விசுவாசம் இல்லாதவன் என்று சொன்னால் முதலில் பவுலைச் சொல்லவேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட உயிர்த்தெழுதல் என்ற வாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது தம்பி. அம்மாவிடம் இதை யாராவது மெதுவாகச் சொல்லவேண்டும். சங்கீதம் 118 வழியாக வேண்டாம்.


கடலோரம் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், கத்தோலிக்கக் குடும்பம். உங்கள் சபைகளில் அட்டை எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் எரேமியாவின் நிலப்பத்திரத்தைப் பற்றி வாசித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கட ஆட்கள் மயிலிட்டிப் பக்கம். 1990இல் எல்லாரும் இடம்பெயர்ந்தார்கள். வலிகாமம் வடக்கில் பெரிய நிலப்பரப்பு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அம்மம்மா ஓடி வரும்போது எடுத்து வந்த சில சாமான்களில் காணி உறுதியும் (நிலப்பத்திரம்) ஒன்று. நலன்புரி முகாமில் இருந்த காலம் முழுக்க அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். நனையாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. போர் 2009இல் முடிந்தது, காணி வரவில்லை. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017இல்தான், அதுவும் எல்லாம் இல்லை. அதற்குள் அம்மம்மா காலமாகிவிட்டார்.

அம்மம்மா வீடு திரும்புவதற்காக மட்டும் ஜெபித்தவர் அல்ல. முகாமிலேயே மாலையில் செபமாலை சொல்ல ஆட்களைச் சேர்ப்பார். இரவல் மண்ணில் முருங்கை நட்டார். ஊருக்குப் போகத்தானே போகிறோம், இங்கே ஏன் மரம் என்று கேட்டவர்களுக்கு, பிள்ளைகள் இப்ப சாப்பிட வேணும் என்பார். எரேமியாவின் கடிதத்தை அவர் படித்திருப்பாரோ தெரியாது, ஞாயிறு வாசகத்தில் கேட்டிருக்கலாம்.

அவருக்கு வாக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், கிடைத்தது என்று சொல்லி மழுப்பவும் மாட்டேன். எபிரேயர் 11 சொல்வது போல, பெறாமலே தூரத்தில் கண்டு மகிழ்ந்து இறந்தவர்களில் ஒருவர். ஆபிரகாமுக்குக்கூட முழு நாடும் வாக்களிக்கப்பட்டிருந்தும் சாராளை அடக்கம் செய்ய 400 சேக்கல் கொடுத்துத்தான் மக்பேலா நிலத்தையும் குகையையும் வாங்கவேண்டி இருந்தது. அவர் கையில் சொந்தமாக இருந்தது அந்தக் கல்லறை நிலம்தான்.

கனிமலர் அக்கா, ஆபிரகாமுக்குப் பிள்ளை கிடைத்தது, உண்மைதான். நிலம் கிடைக்கவில்லை. அவரும் பாதி வாக்கோடு காத்திருந்து இறந்தவர்தான்.


மெஞ்ஞானபுரத்து டீச்சர் எழுதியது:

கனிமலர் மகளே, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் மாவட்டத்தில் டோனாவூரைத் தெரியாத கிறிஸ்தவர்கள் குறைவு. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் டோனாவூரில் எடுத்து வளர்த்தார். 1931இல் ஒரு குழியில் விழுந்து காலில் பலத்த அடி. அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள், படுக்கையில்தான். முழுச் சுகம் வரவே இல்லை. அந்த அறையில் இருந்துகொண்டே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஜெபம் கேட்கப்படவில்லை என்று டோனாவூரில் வளர்ந்த யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ஐயரும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்து ரூத் வரைக்கும் வந்தார். 1719இல், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தை முடித்தவர் சூல்ச் ஐயர்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கல்ல. நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று வைக்கிறோம். வேலை கிடைத்தவர், வீடு கட்டினவர், பிள்ளை பெற்றவர் எழுந்து நிற்கிறார்கள். நிற்கட்டும், நல்லது. இன்னும் காத்திருக்கிறவர் எழுந்து நிற்க இடம் இல்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாதத்தில் ஒரு கூட்டத்தை அதற்கென்று மாற்றிவிட்டோம். சங்கீதம் 13ஐ வாசிப்போம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று. 88ஐயும் வாசிப்போம். அது விடியலே இல்லாமல் இருட்டில் முடிகிற சங்கீதம். பிறகு யார் வேண்டுமானாலும் தன் காரியம் இன்னும் நடக்கவில்லை என்று சொல்லலாம். புத்தி சொல்லக்கூடாது, கதை சொல்லக்கூடாது, வசனம் எடுத்துக் கொடுக்கக்கூடாது. கேட்டுவிட்டு அவருக்காக ஜெபிக்கவேண்டும், அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். இப்போது நேரம் போதவில்லை. கல்யாணமாகாத மகள்களின் தாய்மார், குடிக்கிற பிள்ளையின் தாய், வெளிநாட்டில் இருந்து போன் வராத பிள்ளையின் தாய். இவர்கள் இத்தனை வருஷம் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு மனசு ஆறவில்லை. உன் சபையில் இப்படி ஒன்று இல்லாவிட்டால் நீயே தொடங்கலாம்.


கனிமலர் எழுதியது:

டீச்சர், எங்கள் சங்கத் தலைவியிடம் கண்டிப்பாகப் பேசுகிறேன். எல்லாருக்கும் நன்றி. கடலோரம் தம்பி சொன்ன மக்பேலா குகை மனதைவிட்டுப் போகவில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். நானும் கணவரும் தத்தெடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறோம். வீட்டில் ஒரு பெரியவர், "அது பிள்ளைக்காகச் சாராள் தன் அடிமைப் பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், வாக்குத்தத்தத்தை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்" என்கிறார். சிகிச்சைக்குப் போனபோதும் இதையேதான் சொன்னார். காத்திருக்கிறவர்கள் ஒன்றும் செய்யக்கூடாதா?


பழைய ஏற்பாட்டு வாசகன் எழுதியது:

ஆகார் கதையைத் தத்தெடுப்பதோடு சேர்ப்பது தவறு, சகோதரி. அங்கே ஓர் அடிமைப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பிள்ளை உண்டானதும் அவளைக் கடினமாக நடத்தி ஓடவைத்தார்கள். தத்தெடுப்பதில் பெற்றோர் இல்லாத ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது. தாயும் தகப்பனும் இல்லாத எஸ்தரைத் தன் மகளாக எடுத்து வளர்த்தவன் மொர்தெகாய். எஸ்தர் 2:7 பாருங்கள். நம் ஆண்டவரையே தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் யோசேப்பு, அவர் பெற்ற தகப்பன் இல்லை. மருத்துவரிடம் போவதும் அப்படியே. முற்றுகைக்குள் நிலம் வாங்கினவரை ஒன்றும் செய்யாமல் இருந்தவர் என்று யார் சொல்லமுடியும்?

தத்தெடுத்தால் கர்ப்பம் தரிக்கும் என்றும் யாராவது சொல்லுவார்கள். அதற்காக எடுக்காதீர்கள். வருகிற பிள்ளை அந்தப் பிள்ளைக்காகவே வரட்டும்.


நெல்லைத் தகப்பன் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்தில் இருந்து வாசிக்கிறேன். நாங்கள் தத்தெடுத்தவர்கள், அதனால் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் என்று அரசு அமைப்பு இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தில் காரா என்பார்கள். அதன் இணையதளத்தில்தான் பதிவு செய்யவேண்டும். தம்பதி என்றால் குறைந்தது 2 வருஷத் திருமண வாழ்க்கை ஆகியிருக்கவேண்டும், இருவரும் சம்மதிக்கவேண்டும். அடையாள ஆவணங்கள், வருமானச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். சர்ச்சில் நடந்த கல்யாணம் என்றால் அந்தச் சான்றிதழில் பெயர் எழுத்துக்கள் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள், நிறைய பேருக்கு அங்கேதான் தாமதமாகிறது. பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார். பயப்பட ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் போதும். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் பேசவைப்பார், ஆகவே அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவர் மூலமாகவோ குழந்தை தருகிறோம் என்று யாராவது வந்தால் போகவே போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

பதிவு செய்த பிறகும் காத்திருக்கவேண்டும். சின்னக் குழந்தை வேண்டும் என்றால் வரிசை நீளம், வருஷக் கணக்கிலும் ஆகலாம். கொஞ்சம் பெரிய பிள்ளை, அல்லது அண்ணன் தங்கையாக இருவர் என்றால் சீக்கிரம் அழைப்பு வர வாய்ப்பு உண்டு. நீங்கள் எந்த மாவட்டம் என்று இங்கே எழுதவேண்டாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், என் மனைவி உங்களோடு பேசுவாள்.